பிறந்த வீட்டுச் சேலை

கருக்காம்பட்டி அமுதவல்லிக்கு மாவு புளிக்காத நாள்தான் கவலையான நாள். தான் உயிரோடு இருக்கிறோமா, செத்துப்போய்விட்டோமா என்ற கவலையெல்லாம் ஐம்பது வயது தாண்டும்வரை அவளுக்கு வந்ததில்லை. யாருக்குத்தான் வரும்? விடிந்தால் கிரைண்டர், வெயில் ஏறினால் பாக்கெட் போடுகிற வேலை, சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் வியாபாரம். இதற்கு நடுவில் சாவைப் பற்றி யோசிக்க நேரம் ஏது.

அன்னவாசலில் இருந்து குடுமியான்மலை போகிற ரோட்டில் இறங்கி, தைலமரக் காட்டை ஒட்டி உள்ளே நடந்தால் அவள் ஊர். பிறந்ததும் அங்கேதான், வாழ்க்கைப்பட்டதும் அங்கேதான். அப்பா கல் உடைக்கப் போனவர். அவள் படிப்பு எட்டாவதோடு நின்றது. நின்றால் என்ன, கையில் பேப்பர் கிடைத்தால் டெண்டர் அறிவிப்புவரை விடாமல் படிக்கிற ஆள். அண்ணன்மார் திருப்பூருக்குப் பிழைக்கப் போய் அங்கேயே வீடு கட்டிவிட்டார்கள். புருஷன் பிச்சைமுத்து ஒரு காலத்தில் லாரியில் லோடு ஏற்றியவர், இப்போது மாவுப் பாக்கெட்டுகளை மொபெட்டில் கட்டிக்கொண்டு சுற்றுப்பட்டிகளுக்குக் கொடுத்துவிட்டு வருகிறார். மகன் பிரவீன்குமார் சிங்கப்பூரில் இருக்கிறான். வாரம் ஒரு தரம் வீடியோ காலில் வந்து "சாப்பிட்டியாம்மா" என்று கேட்பான், அவள் பதில் சொல்வதற்குள் சூப்பர்வைசர் கூப்பிடுகிறார் என்று போய்விடுவான். இப்படி ஒரு அமுதவல்லி எல்லாத் தெருவிலும் இருக்கிறாள். இவளைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். ஏற்கெனவே ஒருவர் எழுதிவிட்டார், அதுதான் பிரச்சினையே.

எழுதியவர் தங்கமுத்து, புதுக்கோட்டைக்காரர். மின்வாரியத்தில் மீட்டர் கணக்கெடுக்கிற வேலை பார்த்துக்கொண்டே நாவல் எழுதினார். அவருடைய 'கல்லாங்குத்துக் கிணறு' நாவலைப் படித்துவிட்டு அழாதவர்கள் ஜில்லாவில் குறைவு. அந்த நாவலில் கருக்காம்பட்டியில் அமுதவல்லி என்று ஒரு பெண். பத்தொன்பது வயது. டவுன் பையன் ஒருவன்மேல் ஆசைப்படுகிறாள். வீட்டில் வேறு மாப்பிள்ளை பார்த்ததும், பங்குனி மாத உச்சி வெயிலில் கல்லாங்குத்துப் படிக்கிணற்றில் இறங்கிச் செத்துப்போகிறாள். அவள் அம்மா வருஷா வருஷம் அந்தப் படியில் ஒரு மஞ்சள் சேலையை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்துபோவதோடு நாவல் முடியும்.

பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருவர் "ஒங்க பேருலயே ஒரு கதை வந்திருக்கு" என்று அந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தபோது பிரவீன்குமார் தவழ்கிற பிள்ளை. அடுப்பில் சோறு கொதிக்கக் கொதிக்க அமுதவல்லி படித்து முடித்தாள். தன் சாவைத் தானே படித்தவர்கள் உலகத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்? முதலில் சிரிப்பு வந்தது. காதலாவது கத்தரிக்காயாவது, அவளுக்கு டவுன் பையன் யாரையும் தெரியாது. ஆனால் கிணற்றில் இறங்குகிற பக்கம் வந்ததும் கைமயிர் குத்திட்டு நின்றது. ஊதா தாவணி. ஒரு பக்கம் அவிழ்ந்து தொங்கிய ரிப்பன். படிக்குப் படி இடது காலை முதலில் வைத்து இறங்குகிற பழக்கம். எல்லாம் அவளேதான்.

உண்மையில் நடந்தது இவ்வளவுதான். அக்கா பிரசவத்தில் போய்விட்டாள். அக்கா புருஷனுக்கே அமுதவல்லியைக் கட்டிவைப்பது என்று வீட்டில் முடிவானது. அவளுக்குப் பிடிக்கவில்லை. ஒருநாள் உச்சிப்பொழுதில் கல்லாங்குத்துக்குப் போனாள், கிணற்றில் இறங்கினாள், கடைசிப் படியில் தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். பிறகு எழுந்து வீட்டுக்கு வந்து, மாட்டேன் என்றால் மாட்டேன்தான் என்று சொல்லி, வாங்க வேண்டிய அடியை வாங்கினாள். பின்னால் பிச்சைமுத்துவைக் கட்டிக்கொண்டாள். கிணற்றுக்குப் போன கதையை அவரிடம்கூட அவள் சொன்னதில்லை.

நாவல் வந்து சில வருஷம் கழித்துத் தங்கமுத்துவே வீடு தேடி வந்தார். நல்ல வெயில். குடையை மடக்கி வாசலில் சாத்திவிட்டு நின்றார்.

"நீங்கதான் அமுதவல்லியா?"

"ஆமாங்க. நீங்க?"

"தங்கமுத்து. எழுதுறவன். நீங்க உயிரோட இருக்கீங்கன்னு போன வாரம்தான் ஒருத்தர் சொன்னாரு."

"கொன்னதே நீங்கதானே," என்று அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. கொடுத்த தண்ணீரைக் கையிலேயே வைத்துக்கொண்டு பேசினார்.

"மீட்டர் பாத்துட்டு வந்தவன் அன்னைக்கிக் கல்லாங்குத்துப் புளியமரத்தடியில நின்னேன். ஒரு பொண்ணு படியெறங்குச்சு. கடைசிப் படியில கொஞ்ச நேரம் உக்காந்துச்சு. அப்பறம் தண்ணிக்குள்ள எறங்கிருச்சு. தலை மறையுற வரைக்கும் பாத்தேம்மா. ஊருக்குள்ள ஓடிச் சொன்னேன். பாதாளக்கரண்டி போட்டுத் துழாவுனாங்க. ஒண்ணும் இல்லை. வெயில்ல கண்ணு இருட்டியிருக்கும், மோர் குடிச்சிட்டுப் போங்கன்னு அனுப்பிட்டாங்க."

"நான் தண்ணியில எறங்கவே இல்லீங்க. உக்காந்தேன், எந்திரிச்சு வந்துட்டேன்."

"எங்கிட்டு வந்தீங்க?"

"கெழக்க. கடலைக்கொல்லை வழியா."

"நானும் அங்கிட்டுத்தான் ஓடியாந்தேன். எதுக்க யாரும் வரலையே."

அவர் தண்ணீரைக் குடிக்காமலே கீழே வைத்தார். அவள்தான் கேட்டாள், "எம் பேரை எப்புடிங்க கண்டுபிடிச்சீங்க?"

"யாரும் சொல்லலைம்மா. எழுதி வரையில அந்தப் பேருதான் வந்துச்சு. மாத்திப் பாத்தேன், கதை நகர மாட்டேன்னுருச்சு." குடையை எடுத்துக்கொண்டவர் ரோட்டுவரை போய்விட்டுத் திரும்பி வந்தார். "அப்ப நான் பாத்தது யாரை?" என்று கேட்டார், அவளுக்குத் தெரிந்திருக்கும் என்பதுபோல.

அவளுக்கு என்ன தெரியும். அன்று சாயங்காலம் மாவு ஆட்டும்போது உப்புப் போட மறந்தாள், மறுநாள் சரியாகிவிட்டது. அவர் அதற்குப் பிறகு அந்த ஊர்ப்பக்கம் வரவே இல்லை.

தங்கமுத்து போன வருஷத்துக்கு முந்தின வருஷம் புதுக்கோட்டையில் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். பேப்பரில் படம் போட்டார்கள். அமுதவல்லி அந்தப் பக்கத்தை மட்டும் கிழித்து அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்தாள். ஏன் வைத்தாள் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. தன்னைக் கொன்ற ஆளாக இருந்தாலும், தன்னை அத்தனை உற்றுப் பார்த்த ஆள் வேறு யாரும் இல்லை.

முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வாசகர் வட்டத்தார் வேன் பிடித்து வந்தார்கள். கல்லாங்குத்தில் ஃப்ளெக்ஸ் கட்டினார்கள். மேலே தங்கமுத்துவின் முகம் பெரிதாக. கீழே யாரோ வரைந்த தாவணிப் பெண், படத்துக்கு மாலை. அதற்கும் கீழே 'கண்ணீர் அஞ்சலி, அமுதவல்லி' என்று எழுதியிருந்தது. மாவு வியாபாரத்துக்குப் போகிற வழியில் அதைப் பார்த்த அமுதவல்லி கூடையோடு அப்படியே நின்றுவிட்டாள்.

வட்டத்தின் தலைவர் சிவபிரகாஷ், பேங்க் ஆபீசர், மைக் கிடைத்தால் விடாதவர். தன் கல்யாணத்துக்கு வர முடியாமல் போனதற்குத் தங்கமுத்து அய்யா பஸ் ஏறி வந்து, மறுவீட்டு விருந்தில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டதைச் சொன்னார். ஒரு ரிட்டயர்டு தாசில்தார் நாவலின் கடைசி அத்தியாயத்தைப் பார்க்காமல் ஒப்பித்துவிட்டு மூக்கைச் சிந்தினார். ஒரு அம்மா, மகள் செத்தபின் ஒரு வருஷம் யாரோடும் பேசாமல் கிடந்தவர், இந்தப் புத்தகம்தான் என்னை எழுப்பிச் சோறு தின்ன வைத்தது என்றார். வேஷம் ஒன்றும் இல்லை. பெற்ற தகப்பனுக்கு அழுகிற மாதிரிதான் எல்லாரும் அழுதார்கள். ஆலங்குடியில் மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்க்கிற ரஞ்சிதா என்ற பெண் மட்டும் ஒன்றும் பேசாமல் மேல்படியில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிவபிரகாஷ் அமுதவல்லியைப் பார்த்ததும் கிட்டே வந்தார். "அக்கா இந்த ஊரா? அமுதவல்லியைத் தெரியுமாக்கா ஒங்களுக்கு?"

"நான்தாங்க."

"அக்கா பேரும் அமுதவல்லியா? நல்ல பேருக்கா." தாசில்தாரைப் பார்த்துக் கண்ணடித்தார். "இந்தச் சுற்றுவட்டத்தில் நிறைய வைக்கிற பேர்தான் சார்."

"பேரு மட்டும் இல்லீங்க. கதையில வர்றதே நான்தான். நான் சாகலை."

அவர்கள் சிரிக்கவில்லை. பாவம் என்பதுபோலப் பார்த்தார்கள். அந்தப் பார்வைதான் அவளைச் சுட்டது. ஒரு பெண் வந்து அவள் தோளைத் தட்டி, "எங்க எல்லாருக்குள்ளயும் அமுதவல்லி இருக்காங்கம்மா" என்றாள். அமுதவல்லி கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

போகும்போது அவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். நாவலில் வருகிறதல்லவா என்று ஒரு மஞ்சள் சேலையும் கண்ணாடி வளையலும் கடைசிப் படியில் வைத்து, திரும்பிப் பார்க்காமல் வேன் ஏறினார்கள். படித்தவர்களுக்கு அது ஒரு மரியாதை. கருக்காம்பட்டிக்கு அது அப்படி இல்லை. கன்னி கழியாமல் செத்த பெண்ணுக்குத்தான் அங்கே சேலை வைப்பார்கள். வைத்த சேலையை எடுக்கக் கூடாது. ஒரு தரம் வைத்துவிட்டால் நிறுத்தவும் கூடாது, நிறுத்தினால் வீடு தங்காது. விவரம் தெரியாமலா இத்தனை பேர் வேன் பிடித்து வந்து அழுதிருப்பார்கள் என்று ஊர் யோசித்தது. ஒரு வெள்ளிக்கிழமை யாரோ விளக்கேற்றினார்கள். காய்ச்சலில் கிடந்த பிள்ளைக்கு வேண்டிக்கொண்டார்கள், பிள்ளை எழுந்து விளையாடியது. போதாதா? மினிபஸ் கண்ணாடியில் 'அமுதவல்லி துணை' என்று ஸ்டிக்கர் வந்துவிட்டது.

இன்னொன்றும் இருந்தது. அந்தக் கோடையில் தண்ணீர் சேலை வைத்த படிக்கும் நாலைந்து படி கீழே போய்விட்டது. மழை இல்லை, பனி இல்லை. ஆனால் காலையில் யார் போய்ப் பார்த்தாலும் அந்த மஞ்சள் சேலையின் கீழ்க்கரை மட்டும் சொட்டச் சொட்ட ஈரமாக இருந்தது.

அமுதவல்லியின் பெயரை ஊர் மெல்லக் கைவிட்டது. பக்கத்து வீட்டுச் சொர்ணவல்லிதான் முதலில். "மாவுக்கார மதினி, ரெண்டு பாக்கெட்டு குடுங்க."

"என்னடி புதுசா மாவுக்கார மதினி? எம் பேரு மறந்துபோச்சா?"

"சாமி பேரைச் சொல்லி மாவு கேக்கலாமா மதினி, நாக்குல புண்ணு வந்துராது?"

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அடுத்து வந்த பேச்சைத்தான் பொறுக்க முடியவில்லை. அமுதவல்லி கிணற்றில் செத்துச் சாமியாகிவிட்டாள் என்றால், அன்றைக்கு அந்தக் கிணற்றிலிருந்து ஏறி வந்து பிச்சைமுத்துவோடு குடும்பம் நடத்துவது எது? ஈ.பி.காரர் துழாவச் சொன்ன கதை கிழவர்களுக்கு ஞாபகம் வந்தது. பிள்ளைகள் அவள் வாசலைத் தாண்டும்போது ஓடினார்கள். வெயிலில் அவள் நடந்தால் சில பெண்கள் அவள் நிழலைப் பார்த்தார்கள். மாவு மிஞ்சிப் புளித்தது. சில நாள் கிரைண்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது அவளே தன் கையைக் கிள்ளிப் பார்த்துக்கொண்டாள். வலித்தது. வலித்ததில் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது, அப்படிச் சந்தோஷப்பட வேண்டியிருக்கிறதே என்று அழுகையும் வந்தது.

தை மாசம் பூசாரி சிவசாமி வெற்றிலைத் தட்டோடு வந்தார். மாசி சிவராத்திரிக்குக் கிணற்றடியில் கல் ஊன்றப்போகிறார்கள். வழக்கப்படி சாமிக்குப் பிறந்த வீட்டிலிருந்து முதல் சேலை வர வேண்டும். பிறந்த வீட்டுச் சேலை ஏறாமல் கல் ஊன்றினால் அது வெறும் கல்தான்.

"ஒங்க அண்ணன்மாரு திருப்பூர்ல இருக்காக. இங்கிட்டு அந்த வீட்டு ஆளுன்னு இருக்கிறது நீதான். நீதான் ஆத்தா சேலை எடுத்துத் தரணும்."

"யாருக்கு?"

"அமுதவல்லிக்கு."

"எனக்கு நானே கோடிச் சேலை எடுக்கணுமா?"

சிவசாமி தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நீ யாருன்னு நாங்க கேக்கலையே ஆத்தா. சேலைய மட்டும் குடு."

அவர் போனபிறகு பிச்சைமுத்து, "ஒரு சேலைதானே, குடுத்துத் தொலைச்சிரு, ஊரு வாய் அடங்கிரும்" என்றார்.

"குடுத்தா செத்தவ நான்னு நானே கையெழுத்துப் போட்ட மாதிரி. அப்பறம் ஒங்ககூட இருக்கிறவ யாரு?"

அவர் பதில் சொல்ல ஒரு கணம் தாமதித்தார். ஒரே ஒரு கணம்தான். ஊர் முழுக்கப் பேசியது அவளை உடைக்கவில்லை, அந்தத் தாமதம் உடைத்துவிட்டது. கல் ஊன்றுகிற அன்று நாலு பேர் முன்னால் நின்று தான் உயிரோடு இருப்பதைச் சொல்லி, தன் பேரைத் திரும்ப வாங்கிவிடுவது, முடியாவிட்டால் இந்த ஊரையே விட்டுப் போய்விடுவது என்று அவள் முடிவு செய்தாள்.

சிவராத்திரி அன்று கல்லாங்குத்தில் எள் போட இடமில்லை. வாசகர் வட்டத்தாரும் வேனில் வந்திருந்தார்கள். தாங்கள் வைத்த சேலை கோயிலாகப் போகிறதென்று அவர்களுக்குத் தலைகால் புரியவில்லை. வளையல் கடை, சர்பத், வறுகடலை வண்டி எல்லாம் வந்துவிட்டன. உச்சிப்பொழுதுக்குத்தான் கல் ஊன்ற நேரம் குறித்திருந்தார்கள். மணி நெருங்க நெருங்கக் கூட்டத்தின் சத்தம் தானாக இறங்கியது. புளியமரத்தில் ஒரு காக்கை இல்லை.

அமுதவல்லி வெறுங்கையோடு போனாள். "சேலை எங்க ஆத்தா?" என்ற சிவசாமியைத் தாண்டி நேராகச் சிவபிரகாஷிடம் போய் மைக்கைக் கையிலிருந்து வாங்கினாள்.

"நான் அமுதவல்லி. கல் ஒடைக்கிற அழகர் மக. பத்தொம்பது வயசுல இந்தக் கெணத்துப் படியில உக்காந்தேன். எந்திரிச்சு வந்துட்டேன். இங்க யாரும் சாகலை. செத்தது தங்கமுத்து சாரு ஒருத்தருதான். கும்புடணும்னா அந்த மனுசனைக் கும்புடுங்க. எனக்குச் சேலை சாத்தாதீங்க. எம் பேரை எனக்குக் குடுத்துருங்க."

சிவபிரகாஷின் முகம் வெளுத்துவிட்டது. இவ்வளவு நாள் இல்லாமல் இன்றுதான் அவர் அவளுடைய மூக்கையும் நெற்றியையும் நாவலில் வருகிற மூக்கோடும் நெற்றியோடும் பொருத்திப் பார்த்தார்.

அப்போது, வட்டத்தாரோடு வந்து மேல்படியில் உட்கார்ந்திருந்த ரஞ்சிதா எழுந்தாள். யாரையும் பார்க்காமல் கிணற்றுக்குள் இறங்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு படியிலும் இடது காலை முதலில் வைத்து, வலது காலைப் பக்கத்தில் சேர்த்து. உடுக்கை அடிக்கவில்லை, குலவை போடவில்லை, அருள் வருகிறவர்கள் ஆடுகிற ஆட்டம் எதுவும் இல்லை. தண்ணீர் ஓரத்துப் படியில் போய் உட்கார்ந்து காலை உள்ளே விட்டாள். பிறகு பேசினாள். கூட்டம் மொத்தமும் கேட்டது. சின்னப் பெண்ணின் குரல் அது.

"கடலை சுடுற வாசம் வந்துச்சு."

அமுதவல்லியின் கையிலிருந்து மைக் விழுந்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல வெட்கம். தங்கமுத்துவின் நாவலிலும் அது கிடையாது. அன்றைக்குச் சாகத்தான் போனாள், சும்மா உட்கார்ந்துவிட்டு வரப் போகவில்லை. கடைசிப் படியில் கண்ணை மூடிக்கொண்டிருந்தபோது கிழக்குக் கொல்லையில் கடலை பிடுங்குகிறவர்கள் காய்ந்த கொடியைப் போட்டு எரித்துக் கடலை சுட்ட வாசம் வந்தது. காலையிலிருந்து பட்டினி. ஒரு கைக் கடலைக்காக எழுந்து வந்துவிட்டாள். ஒரு உயிர் அவ்வளவு மலிவாகத் திரும்பி வந்ததை யாரிடம் சொல்வது?

"நீ எந்திரிச்சே," என்றது குரல். "இரு, தின்னுட்டு வாரேன்னு சொல்லிட்டுப் போனே. இன்னும் வரலை."

சொன்னாள்தான். எங்கே கிளம்பினாலும் போய்ட்டு வாரேன் என்று சொல்கிற வாய், தண்ணீரைப் பார்த்தும் சொல்லிவிட்டது. கேட்கிறதற்கு ஆள் இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை.

அமுதவல்லி படியில் கால் வைத்தாள். பிச்சைமுத்து ஓடிவந்து முழங்கையைப் பிடித்தார். "போகாத. கூப்புட்டா போயிருவியா? வேணாம்டி."

"விடுங்க. என்னையத்தான் கேக்குறா."

அவர் விடவில்லை. அவள்தான் விலக்கிக்கொண்டு இறங்கினாள். ரஞ்சிதாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அன்று உட்கார்ந்தது போலவே தண்ணீரில் காலை விட்டாள். மாசி வெயிலில் மேலே பாறை கொதித்தது, தண்ணீர் எலும்பைக் கடித்தது. குனிந்து பார்த்தாள். அவளுடைய முகம் தெரிந்தது. பக்கத்தில் தெரிந்த முகம் ரஞ்சிதாவுடையது இல்லை, ஒரு பக்கம் ரிப்பன் அவிழ்ந்து தொங்கியது. அதற்கு மேல் அவள் பார்க்கவில்லை.

"வந்துட்டேன்டி," என்றாள். "கோவமா இருக்கியா?"

அவள் தண்ணீரில் காலை அசைத்தாள். பிறகு, "பசிக்குது," என்றது.

இத்தனை வருஷமும் அமுதவல்லி தின்றிருக்கிறாள். கல்யாணச் சோறு தின்றாள், பிள்ளைபெற்று மருந்துக்குழம்பு தின்றாள், தீபாவளிக்குத் தீபாவளி கறி தின்றாள். இவள் இங்கேயே உட்கார்ந்திருக்கிறாள், வருகிறேன் என்று சொன்னவளை நம்பிக்கொண்டு.

"கடலை வாங்கியாங்க," என்று மேலே பார்த்துச் சொன்னாள். பிச்சைமுத்து வறுகடலை வண்டியிலிருந்து இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு ஓடிவந்தார். ரஞ்சிதா வாங்கித் தோலோடு வாயில் போட்டுக்கொண்டாள். விக்கலெடுக்க விக்கலெடுக்கத் தின்றாள், கீழே சிந்தியதைப் பொறுக்கித் தின்றாள். அமுதவல்லி அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். "மெதுவாத் தின்னுடி. நான் எங்கயும் போகலை." மேலே நின்ற பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். வாசகர் வட்டத்தார் அழக்கூட இல்லை, அவர்கள் பயந்துவிட்டார்கள். தாசில்தார் கையெடுத்துக் கும்பிட்டபடி, "அய்யா பொய் எழுதலை" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கை காலியானதும் ரஞ்சிதா அமுதவல்லி மடியில் சாய்ந்தாள். கண் விழித்தபோது ரஞ்சிதாவாகத்தான் இருந்தாள். "மயக்கம் போட்டுட்டேனாக்கா?" என்று கேட்டாள். இரண்டு கை கடலை தின்றவள் வயிற்றைத் தடவிக்கொண்டு, காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை, ஒரு வாய் ஏதாவது கிடைக்குமா என்றாள்.

அமுதவல்லி பிச்சைமுத்துவை வீட்டுக்கு அனுப்பி, பீரோவிலிருந்து, அம்மா எடுத்துக்கொடுத்த அரக்குச் சேலையைக் கொண்டுவரச் சொன்னாள். கல் ஊன்றியதும் அதைத் தன் கையாலேயே சாத்தினாள். கொசுவம் சரியாக வரவில்லை என்று அவிழ்த்து மறுபடி கட்டினாள். சிவசாமி அவளுக்குத்தான் முதலில் திருநீறு கொடுத்தார்.

கூட்டம் கலைந்தபின் சிவபிரகாஷ் தயங்கித் தயங்கி வந்தார். அடுத்த நினைவு நாளுக்கு அவள்தான் மேடையில் உட்கார வேண்டும் என்றார். "நோட்டீசுல பேர் போடணும்கா. அமுதவல்லின்னே போட்டுரலாமா? நீங்கதான் உண்மையான அமுதவல்லின்னு எல்லாருக்கும் சொல்லணும்."

இதைக் கேட்கத்தான் அவள் அன்று வந்திருந்தாள். கொஞ்ச நேரம் சேலை கட்டிய கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வேணாம் தம்பி. அது அவ பேரு. அவளுக்கு அந்தப் பேரு ஒண்ணுதான் இருக்கு. எனக்குத்தான் மிச்சம் எல்லாம் கெடச்சிருச்சே."

பொழுது சாய்வதற்குள் இருவரும் மொபெட்டில் வீட்டுக்குக் கிளம்பினார்கள். தைலமரக் காட்டு முனையில் மேடு ஏறும்போது பிச்சைமுத்து, சரியாகப் பிடித்துக்கொள்ளச் சொல்வதற்காகப் பழக்கதோஷத்தில், "அமுதா" என்று கூப்பிட்டார்.

அவள் வாயைத் திறக்கவில்லை. பின்னால், கல்லாங்குத்துப் பக்கமிருந்து, ஒரு சின்னப் பெண் "ஏன்" என்று குரல் கொடுத்தாள்.

பிச்சைமுத்து வண்டியை முறுக்கினார். அமுதவல்லி அவர் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவருக்குப் பயம், அவளுக்கு அது இல்லை. இத்தனை வருஷத்தில் அந்தப் பிள்ளையை யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டார்கள், அதற்காகத்தான் அழுதாள்.